பழைய மடிக்கணனிக்குப் புது விண்டோஸ்: கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதையொட்டிக் கடைத்தெருவில் ஒரு பீதி கிளம்பியது. கணனியே நின்றுவிடும் என்றார் ஒருவர். இனி பில் போட முடியாது என்றார் இன்னொருவர். இதைச் சொல்லியே புது லெப்டொப் விற்றவர்களும் உண்டு.

உண்மையில் அன்று எந்தக் கணனியும் நிற்கவில்லை. விண்டோஸ் 10 வழமைபோல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட மாட்டா. இது அலட்சியம் செய்யக்கூடிய விடயமும் அல்ல. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு காசு கேட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணனிகளே அகப்பட்டுக்கொண்டன. நமது லெப்டொப்பில் இருப்பது என்ன? யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கடன் பட்டியல், சரக்கு இருப்பு, வங்கிக் கணக்கு விபரம். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாக உயர்ந்ததோடு, பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லையும் 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடிக்கு இறக்கப்பட்டது. அதுவரை கொப்பியில் சமாளித்துவந்த பலர் கணனிக் கணக்குக்கு வந்தது அப்போதுதான்.

எனவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை மாற்றுவது? லெப்டொப்பையா, விண்டோஸையா? என்னிடம் வரும் நண்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் கணனி படித்தவன் அல்ல. கடையில் கணனி வைத்து வியாபாரம் செய்பவன். அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன். கணனி திருத்துபவர் லெப்டொப்பைப் பார்க்கிறார். நாம் பார்க்க வேண்டியது லெப்டொப்பில் தொங்கிக்கொண்டிருக்கும் மற்றச் சாமான்களை. பில் பிரின்டர், தராசு, பார்கோட் வாசிக்கும் கருவி, பழைய பில் புரோகிராம் எல்லாம் புது விண்டோஸுடன் ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் லெப்டொப்பைக் கடையில் கொடுப்பது, லொறி வாங்கிய பிறகு பாலத்தின் அகலத்தை அளப்பது போன்றது.

பேசாத தராசு

மலைநாட்டுப் பக்கம் மிளகு, கராம்பு கொள்வனவு செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தரையில் வைக்கும் இலத்திரனியல் தராசு, அதிலிருந்து ஒரு கேபிள் லெப்டொப்புக்கு. மூடையைத் தராசில் வைத்தால் நிறை தானாகவே கணனியில் விழும், சீட்டு அச்சாகும். விற்க வரும் தோட்டக்காரர்களுக்கு அந்த அச்சுச் சீட்டில்தான் நம்பிக்கை. கையால் எழுதிக் கொடுத்தால் இரண்டு தடவை நிறுக்கச் சொல்வார்கள்.

அவரது லெப்டொப் இன்டெல் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதது. ஆனாலும் பக்கத்து நகரத்தில் ஒரு திருத்துமிடத்தில் குறுக்கு வழியால் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திரை தெளிவாக இருந்தது, வைஃபை பிடித்தது, பிரின்டர் கூட அச்சடித்தது. மறுநாள் காலை எனக்குக் கோல் வந்தது.

"எல்லாம் சரியாத்தான் ஈக்கி நானா. தராசு மட்டும் பேசுதில்ல."

திருத்துமிடத்தில் முதலில் கேபிள் பழுது என்றார்களாம். பிறகு தராசே பழுது, புதிது வாங்குங்கள் என்றார்களாம். தராசின் சொந்தத் திரையில் நிறை ஒழுங்காகத் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். அப்படியானால் தராசில் குறை இல்லை. டிவைஸ் மெனேஜரைத் திறக்கச் சொன்னேன். ஸ்டார்ட் பொத்தானில் எலியின் வலப்பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். அங்கே "போர்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் பெயரிலேயே விடயம் எழுதியிருந்தது: இந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தராசு, பழைய பில் பிரின்டர் போன்றவை சீரியல் என்ற பழைய முறையில் பேசுபவை. லெப்டொப்பில் அந்தத் துவாரம் இல்லாததால் யூ.எஸ்.பி.யாக மாற்றும் கேபிள் ஒன்றை நடுவில் போடுகிறோம். அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. மலிவாகக் கிடைத்ததால் குறிப்பிட்ட ஒரு வகைச் சிப் உலகமெங்கும் பரவியது, அதற்குப் போலிகளும் பெருகின. பொறுத்துப் பார்த்த தயாரிப்பாளர், தன் புதிய டிரைவரில் பழைய சிப்பையும் போலியையும் ஏற்றுக்கொள்ளாதபடி செய்துவிட்டார். விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து அந்தப் புதிய டிரைவரை எடுத்துப் போட்டதும் கேபிள் வாயடைத்துப்போகிறது. கேபிளில் எதுவும் உடையவில்லை. அதனுடன் பேச மொழிபெயர்ப்பாளர் மறுக்கிறார், அவ்வளவுதான்.

டிரைவர் என்றால் நம்மூர்ச் சாரதி அல்ல. ஒவ்வொரு கருவிக்கும் விண்டோஸுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருளே டிரைவர். விண்டோஸ் மாறும்போது மொழிபெயர்ப்பாளரும் மாற வேண்டிவரும். கருவி செய்த கம்பனி புது மொழிபெயர்ப்பாளரை அனுப்பாவிட்டால், நல்ல நிலையில் உள்ள கருவியும் மேசையில் சும்மா கிடக்கும்.

நண்பருக்கு அன்றே வேலை நடக்க வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் முக்கோணப் பெயரில் "அப்டேட் டிரைவர்" என்பதை அழுத்தி, இணையத்தில் தேடாமல் கணனியிலேயே உள்ள பட்டியலிலிருந்து தெரிவு செய்வதற்கான வழிக்குப் போனால், சில வேளை அதே டிரைவரின் பழைய பதிப்பும் திகதியுடன் காட்டப்படும். அவரது கணனியில் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இருந்தது. அதைத் தெரிவு செய்ததும் முக்கோணம் போனது. தராசு இன்னும் பேசவில்லை! ஏனெனில் முன்பு கொம் 3 என்ற இலக்கத்தில் இருந்த கேபிள் இப்போது கொம் 5 ஆகியிருந்தது. தராசு புரோகிராமோ கொம் 3 இலேயே காத்துக்கொண்டிருந்தது. ப்ரொபர்டீஸில் "போர்ட் செட்டிங்ஸ்", அதற்குள் "அட்வான்ஸ்ட்" என்று போய் இலக்கத்தை மாற்றியதும் நிறை விழுந்தது.

இது தற்காலிக வைத்தியமே. விண்டோஸ் அப்டேட் மறுபடி ஒரு நாள் புதிய டிரைவரைக் கொண்டுவந்து போடலாம். ஆகவே எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ள புதுக் கேபிள் ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னேன். ஒரு தராசின் விலையோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

மஞ்சள் முக்கோணம் என்ன சொல்கிறது

விண்டோஸ் மாற்றிய எந்த லெப்டொப்பையும் கையில் வாங்கும்போது டிவைஸ் மெனேஜரைத் திறந்து பாருங்கள். முக்கோணம் இருந்தால் அதை இரு தடவை அழுத்தினால் ஒரு குறி இலக்கம் தெரியும். 28 என்றால் டிரைவரே போடப்படவில்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவியை எழுப்ப முடியவில்லை. பொருந்தாத டிரைவர் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். 43 என்றால் கருவியே தனக்குள் கோளாறு என்று சொல்லியிருக்கிறது. இதில் டிரைவரை மாற்றியும் போகாவிட்டால் கருவியைச் சந்தேகிக்கலாம்.

பெயரே தெரியாத கருவி என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். "டீடெயில்ஸ்" பக்கத்தில் "ஹார்ட்வெயார் ஐடீஸ்" என்பதைத் தெரிவு செய்தால் ஒரு நீண்ட குறியீடு வரும். அதில் "வென்" என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் 8086 இருந்தால் அது இன்டெல்லின் சாமான். 10ஈசி என்றிருந்தால் ரியல்டெக், 14ஈ4 என்றால் புரொட்கொம், 10டீஈ என்றால் என்விடியா. முழுக் குறியீட்டையும் தேடுபொறியில் இட்டால் கருவியின் பெயரே கிடைத்துவிடும்.

டிரைவரை லெப்டொப் கம்பனியின் இணையத்தளத்திலிருந்தே எடுங்கள். லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைக் கொடுத்தால் அந்த மெஷினுக்கே உரிய பட்டியல் வரும். பழைய மொடல்களுக்கு விண்டோஸ் 11 என்று தனியாகப் போட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸ் 10க்கான 64 பிட் டிரைவரே அநேகமாக வேலை செய்யும். "உங்கள் கணனியில் 37 டிரைவர்கள் பழுதாகிவிட்டன" என்று பயமுறுத்தி இலவசமாக வரும் புரோகிராம்களை மட்டும் கிட்டவும் எடுக்காதீர்கள். அவற்றால் வந்த வினைதான் பாதி.

பிரின்டர் விடயத்தில் ஒரு தகவல். பிரின்டர் கம்பனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் மூலம் வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 இல் அறிவித்தது. எனவே கார்பன் பிரதியுடன் பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் வைத்திருப்பவர்கள், அதன் டிரைவரைக் கம்பனியின் தளத்திலிருந்து இப்போதே இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பார்கோட் கருவி பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலானவை கீபோர்ட் போலவே நடிப்பவை, தனி டிரைவர் கேட்பதில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

இந்தப் பத்தியில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் மாற்றுவதற்கு முன் புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். பழைய டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள். அதைக் கழற்றி, திகதி எழுதி ஒட்டி, மேசை லாச்சிக்குள் வையுங்கள். புதிய டிஸ்க்கில் புதிய விண்டோஸைப் போடட்டும். தராசு பேசவில்லை, பில் அடிக்கவில்லை என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கால் மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கடை ஓடும். கோளாறை ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம். அதோடு, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதால் கிடைக்கும் வேகம் வேறு எந்தச் செலவாலும் கிடைக்காது. லெப்டொப் மந்தம் என்று புதிது வாங்க நினைத்த பலர், டிஸ்க்கை மாற்றி ரெம்மை 8 ஜீ.பி. ஆக்கியதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய டிஸ்க் "லெகசி" முறையில் ஆரம்பிப்பதாக இருக்கலாம், விண்டோஸ் 11 கேட்பது "யூ.ஈ.எஃப்.ஐ." முறை. லெப்டொப்பின் பயோஸ் பக்கத்தில் எதையும் மாற்றுவதற்கு முன் கையடக்கத் தொலைபேசியால் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கைத் திரும்பப் போடும்போது அதே அமைப்புக்கு மாற்றாவிட்டால் அது எழும்பாது. அப்போது டிஸ்க் செத்துவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முதல் நாள் இன்னொரு வேலை. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரிபொசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் அங்கேதான் கிடக்கின்றன. அதை அப்படியே பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள். புது விண்டோஸில் முக்கோணம் வந்தால், டிரைவரை அந்த ஃபோல்டரில் தேடச் சொல்லலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வைஃபை டிரைவரே இல்லாமல் போய், இணையம் இல்லாததால் டிரைவரை இறக்க வழியில்லை, டிரைவர் இல்லாததால் இணையம் இல்லை என்று சிலர் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அன்ட்ரொய்ட் தொலைபேசியை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து "டெதரிங்" என்பதைப் போட்டால் தொலைபேசியின் டேட்டா லெப்டொப்புக்கு வந்துவிடும்.

நம் மொழிக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. பாமினி எழுத்துருவில் கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் அடித்து வைத்திருப்போர் நம்மில் அநேகர். புது விண்டோஸில் அந்த எழுத்துரு இராது. தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். கோப்பு பழுதாகவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும், சிங்களத்துக்குப் பாவிக்கும் எழுத்துருக்களையும் முன்பே பிரதி எடுத்திருந்தால், திரும்பப் போட்டதும் கடிதம் தெளியும்.

டொஸ் காலத்துப் பில் புரோகிராம் இன்னமும் ஓடும் கடைகளை நான் அறிவேன். அவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை. விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட்டில்தான். 64 பிட் விண்டோஸில் அந்தக் காலத்து 16 பிட் புரோகிராம்கள் நேரடியாக ஓடா. டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட்டலாம். ஆனால் அங்கிருந்து பிரின்டருக்கு அனுப்புவது தலைவலி. பழைய மெஷினை இணையத்திலிருந்து கழற்றிவிட்டுப் பில் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலைக்கும் மின்னஞ்சலுக்கும் வேறொன்றைப் பாவிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தகுதியில்லாத லெப்டொப்பில் குறுக்கு வழியால் விண்டோஸ் 11 போடலாமா? வீட்டில் பிள்ளைகள் பாவிக்கும் மெஷினில் போட்டுப் பார்க்கட்டும். கெஷியர் மேசையில் வேண்டாம். அப்படிப்பட்ட கணனிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை என மைக்ரோசொப்டே சொல்கிறது. வருடாந்தப் பெரிய பதிப்புகள் தாமாக வந்து சேருவதுமில்லை. 2024 இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ காலத்து மெஷின்களில் ஆரம்பிக்கவே மறுத்தது. விண்டோஸ் 10 இலேயே இருக்க விரும்புவோருக்கு மேலதிகப் பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்கள். தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை, 30 டொலர் அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் இலவசம். நிறுவனங்களுக்குக் கணனி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், பிறகு வருடத்துக்கு வருடம் இரட்டிப்பு. இது தவணை வாங்குவதற்கே ஒழிய, கடனைத் தீர்ப்பதற்கு அல்ல.

வேலையை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். நோன்பு கடைசிப் பத்து, சித்திரைப் புத்தாண்டு வாரம், டிசம்பர் இறுதி, வற் அறிக்கை கொடுக்கும் நாட்கள், இவற்றில் கைவைக்கவே வேண்டாம். இருந்த டிஸ்க்கிலேயே விண்டோஸ் 10 ஐ 11 ஆக மாற்றியிருந்தால் பழையதற்குத் திரும்ப 10 நாட்கள்தான் அவகாசம். அந்தப் பத்து நாளுக்குள் எல்லா வகைப் பில்லையும் ஒரு தடவையாவது அடித்துப் பாருங்கள். புதிதாகப் போட்டதென்றால் விண்டோஸ் 11 சில வேளை டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி நமது மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்படும். கணக்கைத் திருத்தும் கடைப் பையன் தன் பெயரில் திறந்திருந்தால் சாவியும் அவனிடம்தான். சொந்தக் கணக்கைப் போடச் சொல்லி, சாவியைக் கடதாசியில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள்.

எல்லாம் பார்த்து, லெப்டொப்பைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் புத்தம்புதிதுதான் வேண்டுமென்பதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் பாவித்த லெப்டொப்களை நாடுவோர் கூடிவிட்டனர். நல்ல சரக்கு கிடைக்கிறது. ஆனால் வெளித்தோற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே மாதிரி உடலுக்குள் ஏழாம் தலைமுறையும் இருக்கும், எட்டாம் தலைமுறையும் இருக்கும். ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதலே விண்டோஸ் 11க்குத் தகுதி. "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "அபௌட்" என்று போனால் புரொசஸரின் பெயர் வரும். ஐ5-7200யூ என்றால் ஏழு, ஐ5-8250யூ என்றால் எட்டு, ஐ5-10210யூ என்றால் பத்து. ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே விலை சொல்லும் கடைக்காரரிடம் எட்டை எடுங்கள். முடிந்தால் உங்கள் தராசுக் கேபிளையும் கையோடு கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் அங்கேயே குத்திப் பாருங்கள்.